தாளம் தப்பிய இருதயமும் புதுச்சேரியும்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டு, பாரதி பூங்காவின் நிழலில் சற்றே இளைப்பாறி, எதிரே சட்டமன்றம் கூடுகின்ற பழைய பிரெஞ்சுக் கட்டடத்தை அண்ணாந்து நோக்கிவிட்டுப் போவது வழக்கம். அரசியல் வாதங்கள் ஒலிக்கின்ற அதே கட்டடத்தில், ஒரு காலத்தில் மனித சரீரத்தின் அங்கங்களையும் அவற்றைப் பற்றுகிற பிணிகளையும் குறித்த பாடங்கள் பிரெஞ்சு மொழியில் ஒலித்தன என்பதையும், 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் இவ்வூரில் தோற்றுவித்த வைத்தியப் பள்ளி அங்கேதான் நடந்துவந்தது என்பதையும் அறிந்தவர் சிலரே. அந்தப் பள்ளியின் சரித்திரத்தை முழுமையாகச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தப் பள்ளியையும் இந்த ஊரையும் ஒரு துணையாகக் கொண்டு, ஒரே ஒரு நோயின் கதையை, அதாவது தாளம் தப்பித் துடிக்கும் இருதயத்தைச் சீர்ப்படுத்த மனிதர் செய்த பிரயத்தனங்களின் கதையைச் சொல்வதே நோக்கம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை, நாம் உறங்கினாலும் விழித்தாலும், ஒரே லயத்தில் துடிக்கவேண்டிய அந்த உறுப்பு லயம் தப்பும்போது, முதலில் விரலும், பிறகு செவியும், அதன்பின் கத்தியும், கடைசியில் நூலினும் சற்றே தடித்த ஒரு கம்பியும் அதனிடம் சென்ற வரலாறு விந்தையானது. அதனினும் விந்தை, அவ்வரலாற்றின் பல திருப்பங்களில் பிரெஞ்சு தேசமும், அதன் வழியே நம் புதுச்சேரியும் வந்து நிற்பதாகும்.

பிரெஞ்சுக் கப்பல்கள் இக்கரையில் நங்கூரமிடுவதற்கு முன்பே, தமிழகத்து வைத்தியர்கள் இருதயத்தின் நடையை மணிக்கட்டில் கண்டறிந்து வந்தார்கள். ஆடவர்க்கு வலக்கையிலும் பெண்டிர்க்கு இடக்கையிலும், பெருவிரலின் பக்கமாக ஓடும் நாடியின்மீது ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் பதித்து, முதல் விரலில் வாதத்தையும் இரண்டாம் விரலில் பித்தத்தையும் மூன்றாம் விரலில் ஐயத்தையும் உணர்ந்து, அவை ஒன்று, அரை, கால் என்னும் மாத்திரை அளவில் அமைந்திருந்தால் தேகம் சமநிலையில் உள்ளது என்று துணிந்தனர் சித்த வைத்தியர். அன்னத்தைப்போலும் மயிலைப்போலும் நடப்பது வாத நாடி, ஆமையைப்போலும் அட்டையைப்போலும் ஊர்வது பித்த நாடி, பாம்பைப்போல் நெளிந்தும் தவளையைப்போல் தத்தியும் செல்வது ஐய நாடி என்று உயிரினங்களின் நடையைக் கொண்டு அவர்கள் வகுத்த பாகுபாட்டில், இன்றைய இருதய சாஸ்திரம் கூறும் நோய்களைத் தேடுவது பொருந்தாது. ஆயினும் துடிப்பின் எண்ணிக்கையை மட்டுமன்றி அதன் நடையையும் கவனிக்கவேண்டும் என்ற சூட்சுமத்தை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர்களுக்கு மருதம்பட்டைக் கஷாயம் கொடுப்பது நம் நாட்டு மரபு. சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேரிலிருந்து 1931-இல் சலீமுஸ்ஸமான் சித்திகி பிரித்தெடுத்து, தம் ஆதரவாளரான ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரால் அஜ்மலீன் என்று அழைத்த சத்து, இருதயத்தின் தாறுமாறான துடிப்பை அடக்கும் மருந்தாகவும், மறைந்து கிடக்கும் தாளக் கோளாற்றை வெளிப்படுத்தும் சோதனை மருந்தாகவும் பிற்காலத்தில் ஐரோப்பாவில் வழங்கலாயிற்று.

இனி 1749-ஆம் ஆண்டுக்கு வருவோம். முந்திய ஆண்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்காவன் இட்ட முற்றுகையைத் தாங்கி நின்ற பெருமிதத்தோடு புதுச்சேரி விளங்கியது. குவர்னர் டூப்ளேயின் கை ஓங்கியிருந்தது. அவருடைய துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல் வந்ததையும் கிஸ்தி போனதையும் கோட்டையில் பேசிய பேச்சையும் நாள்தோறும் எழுதிவந்தார். அந்த ஆண்டில்தான் பாரிஸில் ழான் பாப்திஸ்த் செனாக் என்னும் வைத்தியர், இருதயத்தின் அமைப்பையும் தொழிலையும் நோய்களையும் விவரிக்கும் பெரியதொரு கிரந்தத்தை வெளியிட்டார். எளிதில் அடங்காத படபடப்பு என்று ஒன்றை அவர் அதில் குறிப்பிட்டதோடு, இருதயத்தின் இடப்புறத்து வால்வு பழுதுபடுவதற்கும் அதற்கும் உறவுண்டு என்பதையும் உணர்ந்திருந்தார். கொயினாவைத் தரும் சிங்கோனாப் பட்டையோடு, நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்று கிடைக்கிற கிழங்கையும் சிறிது கூட்டிக் கொடுத்தபோது நெடுநாள் படபடப்பு தணிந்ததாகவும் எழுதினார். பதினைந்தாம் லூயி மன்னனுக்கே வைத்தியராக உயர்ந்த அவருடைய இந்த அனுபவம் அக்காலத்தில் பெரிதும் பேசப்படவில்லை. 160 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு, தன் படபடப்பைக் கொயினா தின்று நிறுத்திக்கொள்ள வல்லவன் தான் என்று ஒரு டச்சு வியாபாரி சொல்லக் கேட்டு, வென்கபாக் என்னும் நிபுணர் அதைச் சோதித்து அறிவித்தார். 1918-இல் வால்ட்டர் ஃபிரை அதே பட்டையில் உள்ள குயினிடீன் என்னும் சத்தே அதனினும் வலியது என்று கண்டார். அரண்மனை வைத்தியரின் அனுபவம் பயன்பட ஒரு வியாபாரியின் வாய்மொழி வேண்டியிருந்தது.

விரலுக்குப் பின் வந்தது செவி. 1816-இல் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்கக் கூச்சமுற்ற லென்னெக் என்னும் வைத்தியர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். இருதயத்தின் ஒலி முன்னிலும் தெளிவாகக் கேட்டது. அவர் அதைப் பற்றிய நூலை 1819-இல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் வைத்தியப் பள்ளி எழுந்தது. லண்டனும் பாரிஸும் பெற்ற அறிவு கிழக்கே வந்துசேரத் தலைமுறைகள் ஆனதாக நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கோ, குழல் கண்ட வைத்தியர் உயிரோடிருந்த காலத்திலேயே, அவருடைய தேசத்து வைத்தியத்தைக் கற்பிக்கும் பள்ளி வங்கக் கடலோரத்தில் தோன்றிவிட்டது. சுருங்கிப்போன வால்வு உள்ள இருதயத்தின்மீது கையை வைத்தால், மடியில் படுத்துறங்கும் பூனையின் உறுமலைப் போன்ற அதிர்வு தெரியும் என்று கூறியவரும் லென்னெக்கே. அவருக்குப் பின் பூயோ என்னும் மற்றொரு பாரிஸ் வைத்தியர், மூட்டுகளை வீங்கச் செய்து காய்ச்சலை உண்டாக்கும் கீல்வாத நோயும் இருதய வால்வுகளின் பழுதும் தற்செயலாகச் சேர்ந்து வருவன அல்ல, ஒன்றை ஒன்று தொடர்ந்து வருவன என்று 1836-இல் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினார். நம் கதையில் மற்றெல்லாக் கண்டுபிடிப்புகளையும்விட இதுவே பெரியது என்பது என் துணிபு. காரணம் பின்னர் விளங்கும்.

இதுகாறும் நோயின் அடையாளங்கள் தெரிந்தனவேயன்றி, நோய் இன்னதென்று தெரியவில்லை. ஒழுங்கே இல்லாமல், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எப்போதும் மாறிக்கொண்டேயிருக்கும் நாடியை, இருதயத்தின் சித்தப்பிரமை என்றே ஐரோப்பிய வைத்தியர் சிலர் அழைத்தனர். ஜாவாத் தீவில் பிறந்த ஐந்தோவன் 1903-இல் அமைத்த கருவி, இருதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டிய பிறகே உண்மை வெளியாயிற்று. பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த மறு ஆண்டாகிய 1909-இல், லண்டனில் தாமஸ் லூயிசும், வியன்னாவில் ரோத்பெர்கர், விண்டர்பெர்க் என்னும் இருவரும், அந்தப் பிரமை பிடித்த நாடிக்குக் காரணம் இருதயத்தின் மேலறைகள் துடிக்காமல் நடுங்குவதே என்று காட்டினர். மேலறையின் தசை நிமிஷத்துக்கு 300 முதல் 600 முறை வரையில் சிலிர்க்கிறது. அத்தனையும் கீழறைக்கு இறங்க முடியாமல், இறங்கியவை ஒழுங்கின்றி இறங்குவதால் நாடி தடுமாறுகிறது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் செல்லுமாயின் பக்கவாதம் வந்துவிடுகிறது.

மேலறை ஏன் நடுங்குகிறது என்ற கேள்விக்கு விடை தந்தவர்களுள் ஒருவர், இருபத்தெட்டு வயதிலேயே 1914-இல் மாண்டுபோன ஜார்ஜ் மைன்ஸ் என்னும் இளைஞர். தசையால் ஆன ஒரு வளையத்தில் புறப்பட்ட மின்துடிப்பு, ஒரு பக்கமாகச் சுற்றி வந்து, புறப்பட்ட இடம் மீண்டும் தயாராகியிருக்கும் தருணத்தில் அங்கே சேருமானால், பின்பு யாரும் தூண்டாமலே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் என்று அவர் காட்டினார். மார்கழி மாதத்தில் நம் பெண்கள் வாசலில் இடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து சென்ற இழை, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்வதுதான் அதன் அழகு. கோலத்தில் எது அழகோ அதுவே இருதயத்தில் நோய். அதே காலத்தில் வால்ட்டர் கேரி என்பவர், நடுங்குகின்ற தசையைத் துண்டு துண்டாக வெட்டினால், ஓர் அளவுக்குக் குறைந்த துண்டில் நடுக்கம் நின்றுவிடுகிறது என்று கண்டார். சுற்றுவதற்கு இடமில்லாத துடிப்பு அடங்கிவிடும் என்பது இதன் பொருள். கத்தியால் இந்நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணத்தின் வித்து இதில் இருந்தது. ஆனால் அது முளைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். செல்வ நாடுகளில் மேலறை நடுக்கம் பெரும்பாலும் முதுமையோடு வருவது. நம் நாட்டிலோ அது இளம்பிராயத்தினரையும் பற்றி வந்திருக்கிறது. குழந்தைப் பருவத்தில் வந்த தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் காய்ச்சலும் தோன்றி, அவை தணிந்த பின்னும் உள்ளே இருதயத்தின் ஈரிதழ் வால்வு சிறிது சிறிதாகத் தடித்து ஒட்டிச் சுருங்கி, இரத்தம் கீழே இறங்க வழியின்றி மேலறை பலூனைப் போல் விரிந்து, விரிந்த தசை நடுங்கத் தொடங்குவதே இங்கே வழக்கமான வரலாறு. மேனாட்டுப் பாடநூல்கள் இருபது ஆண்டுகளில் நிகழும் என்று கூறிய இந்தச் சுருக்கம், இந்தியாவில் பதின்பருவத்துப் பிள்ளைகளிடமே முற்றிவிடுகிறது என்பதை டெல்லியில் எஸ்.பி. ராயும் அவருடைய தோழர்களும் 1963-இல் லான்செட் இதழில் அறிவித்தார்கள். நெருக்கமான குடியிருப்பிலும் வறுமையிலும் வளரும் நோய் இது. பூயோ 1836-இல் சொன்னது நம் தெருக்களில் அன்றாடம் நிரூபிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்துக்குச் சற்று முன்வரை புதுச்சேரி இரு தேசங்களுக்கு இடையில் நின்றது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்போ 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான் நிறைவேறிற்று. இந்த இடைக்காலத்தில், 1956-இல், பிரெஞ்சு வைத்தியப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. லென்னெக்கின் தேசத்தார் நடத்திய பள்ளி, பாற்கடலிலிருந்து அமுத கலசத்தோடு எழுந்த தேவ வைத்தியரின் பெயரைத் தாங்கிற்று. 1959-இல் அது நகரின் நடுவிடத்தை விட்டு, ஊருக்குப் புறத்தே கோரிமேட்டுக்குச் சென்றது. 1964 ஜூலை 13-ஆம் தேதி குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் புதிய கட்டடத்தைத் திறந்து வைக்க, ஜவாஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் என்று மறுபெயர் பெற்றது. ஜிப்மர் என்று விழுப்புரத்திலும் கடலூரிலும் குக்கிராமத்தாரும் சொல்லும் பெயர் இப்படிப் பிறந்தது.

விரல் மீண்டும் கதைக்குள் வருகிறது. இம்முறை மணிக்கட்டுக்கு அல்ல, இருதயத்துக்குள்ளேயே. 1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்னும் ரண வைத்தியர், துடித்துக்கொண்டிருந்த இருதயத்தின் மேலறையில் சிறு துளையிட்டுத் தம் ஆட்காட்டி விரலை உள்ளே நுழைத்துச் சுருங்கிய வால்வை விரித்துவிட்டார். நோயாளி பிழைத்தாள், ஆனால் இருதயத்தைத் தொடுவது தகாது என்ற அக்காலத்து அபிப்பிராயத்தால், பிறகு ஒரு நோயாளியையும் யாரும் அவரிடம் அனுப்பவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1948-இல் பிலடெல்பியாவில் பெய்லியும் பாஸ்டனில் ஹார்க்கனும் அதே காரியத்தைச் செய்தபோது உலகம் ஏற்றுக்கொண்டது. ஈடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரியில், ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்கர் 1949-இல் மார்பு ரண சிகிச்சைக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தினார். வால்வை விரலால் விரிக்கும் சிகிச்சை தமிழ்நாட்டு நோயாளிகளுக்கு எட்டியது. 1961-இல் அங்கேயே, இருதயத்தை நிறுத்தி, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தை ஓடச்செய்து, திறந்து செய்யும் சிகிச்சையும் கைகூடிற்று. ஆயினும் வால்வு சீரான பின்னும் பலருக்குத் தாளம் சீராகவில்லை. கதவைப் பழுது பார்த்தாயிற்று. வீட்டுக்குள் நடுக்கம் நின்றபாடில்லை.

தாளத்தையே நேராக நாடிச் சென்று வெற்றி கண்ட முதல் கத்தி, 1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டது. வட கரோலினாக் கடற்கரையைச் சேர்ந்த மீனவர் ஒருவருக்கு, மேலறையையும் கீழறையையும் இணைக்கும் இயல்பான ஒரு பாதையோடு பிறவியிலேயே மற்றொரு தசை இழையும் அமைந்து, துடிப்பு இவ்வழியே இறங்கி அவ்வழியே ஏறிச் சுற்றிச் சுற்றி ஓடியது. மருந்துகளால் அடக்க முடியவில்லை. வில் சீலி என்னும் ரண வைத்தியர் மார்பைத் திறந்து, இருதயத்தின் மேற்பரப்பில் மின்முனையை இடம்விட்டு இடம் வைத்து எந்த இடத்தில் துடிப்பு முந்தி வருகிறதென்று அளந்து, அந்த இழையை வெட்டினார்; நோய் தீர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற கட்டியையோ பழுதையோ அல்ல, மின்சாரம் ஓடுகிற, கண்ணுக்குத் தெரியாத வழியையே வெட்டலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று. நம் வைத்திக்குப்பத்து மீனவருக்கும் அந்தக் கரையின் மீனவருக்கும் பிழைப்பின் அபாயங்கள் ஒன்றே. நடுக்கடலில் கட்டுமரத்தில் நிற்பவனுக்குத் திடீரென மயக்கம் வருமாயின் என்னாகும் என்பதைக் கரையில் வாழும் நாமே அறிவோம்.

இந்த வழியில் பிரெஞ்சுக்காரர் பின்தங்கிவிடவில்லை. பாரிஸில் கி ஃபோந்தேனோடு கூடிப் பணியாற்றிய ழெரார் கிரோதோன், கீழறையின் ஆபத்தான வேகத் துடிப்புக்கு ரண சிகிச்சை கண்டார். பின்பு கனடாவுக்குச் சென்று, 1985-இல் மேலறை நடுக்கத்துக்கும் ஒரு யுக்தி வகுத்தார். துடிப்பு பிறக்கும் முடிச்சுக்கும் அதைக் கீழே அனுப்பும் முடிச்சுக்கும் இடையில் ஒரு குறுகிய தாழ்வாரத்தை மட்டும் விட்டு, மற்ற இடங்களை வெட்டித் தனிப்படுத்திவிடுவது அந்த யுக்தி. நாடி சீரானது, ஆனால் தாழ்வாரத்துக்கு வெளியே மேலறை தொடர்ந்து நடுங்கியதால் இரத்தம் உறையும் அபாயம் நீங்கவில்லை. சீலியிடம் பயின்ற ஜேம்ஸ் காக்ஸ், 1987 செப்டம்பர் 25-ஆம் தேதி செயின்ட் லூயி நகரில், மேலறைகள் இரண்டிலும் கணக்கிட்டு வகுத்த வெட்டுகளைப் போட்டு மீண்டும் தைத்தார். தைத்த தழும்பின் வழியே மின்சாரம் பாயாது. ஆகவே துடிப்பு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிச் சுற்ற வழியில்லாமல், ஒரே வழியாக மட்டும் சென்று, இடையில் கிளைவழிகளில் புகுந்து தசையனைத்தையும் எழுப்பி, கீழ் முடிச்சைச் சேர்கிறது. கேரி 1914-இல் கண்ட உண்மை இங்கே கனிந்தது. உறைகட்டி தங்குமிடமான மேலறையின் சிறு பையையும் அகற்றியதால் பக்கவாதத்தின் அபாயமும் குறைந்தது.

சுற்றுவழி என்ற பொருளில் ஆங்கிலத்தில் மேஸ் என்று இந்தச் சிகிச்சைக்குப் பெயர் வந்தது. தர்மபுரிச் சீமையில் கம்பைநல்லூரிலும், பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டிலும், கற்களை நிரைத்து நம் முன்னோர் அமைத்த சுற்றுவழிக் கோட்டைகள் தரையில் கிடக்கின்றன. நுழைந்தவன் வளைந்து வளைந்து எல்லாச் சுற்றுகளையும் மிதித்து, வழி தவறாமல் நடுவிடத்தை அடைகிற அந்த அமைப்பைப் பார்த்தவர்களுக்குக் காக்ஸின் யுக்தியை விளக்க வேறு உவமை தேவையில்லை.

ஆனால் அந்தச் சிகிச்சை நீண்டது, கடினமானது; வெட்டித் தைக்கும் இடங்கள் மிகுதி. ஏற்கெனவே வால்வு மாற்றத்துக்காக இயந்திரத்தின் துணையில் கிடக்கும் ஏழை நோயாளிக்கு இதையும் செய்வதென்றால், ஒவ்வொரு நிமிஷமும் உயிரின் கணக்கில் எழுதப்படும். இங்கேதான் நம் நாட்டார் ஒரு வழி கண்டனர். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பட்வர்தனும் அவருடைய சகாக்களும், வெட்டுவதற்குப் பதிலாக இருமுனை மின்கருவியின் ரேடியோ அலைச் சூட்டால் அதே கோடுகளில் தசையைக் காய்த்துவிடலாம் என்று கண்டு, கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட நோயாளிகளுக்கு அதைச் செய்து, 1997-இல் ஐரோப்பிய சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். சில ஆண்டுகளுக்குப் பிறகு, காக்ஸின் பள்ளியிலேயே டாமியானோ என்பவர் கத்தியின் வெட்டுகளில் பெரும்பாலானவற்றை இத்தகைய சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றினார். செல்வ நாட்டின் பரிசோதனைச்சாலையில் தோன்றியது ஏழை நாட்டின் நிர்ப்பந்தத்தால் எளிமையாயிற்று. திருவனந்தபுரத்தில் வலியத்தான் உருவாக்கிய இந்திய வால்வு 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டதையும் இதனோடு சேர்த்து நினைக்கவேண்டும். வால்வும் மலிய, தாளச் சிகிச்சையும் எளிதாக, இரண்டையும் ஒரே மேசையில் முடிக்கும் வழி பிறந்தது.

கடைசித் திருப்பத்தில் பிரெஞ்சு மண் மீண்டும் வருகிறது. 1998-இல் பொர்தோ நகரில் மிஷேல் ஐசகேரும் அவருடைய கூட்டத்தாரும், அடிக்கடி மேலறை நடுக்கம் கண்ட 45 பேரைச் சோதித்து, நடுக்கத்தைத் தூண்டும் தப்புத் துடிப்புகள் பிறக்கும் 69 இடங்களைக் கண்டறிந்தனர்; அவற்றுள் 65 இடங்கள் நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலுக்குள் இருந்தன. தொடை நாளத்தின் வழியே நீண்ட மெல்லிய கம்பியை இருதயம் வரை செலுத்தி, அந்த இடங்களைச் சுட்டுவிட்டால் மார்பைத் திறக்காமலே நோய் தீரும் என்ற வழி அன்று திறந்தது. கடல் கடந்த தேசங்களுக்கு அனுப்பப்படும் பிரெஞ்சு வைத்தியர்கள் 1890 முதல் கடற்படை வைத்தியப் பள்ளியில் பயின்றதும் இதே பொர்தோவில்தான். அந்த நகரத்துக்கும் கீழைக் கரைகளுக்கும் உள்ள வைத்திய உறவு இவ்வாறு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 2008-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்ந்த ஜிப்மரில், கம்பி செலுத்தித் தாளக் கோளாறு தீர்க்கும் அந்தக் கலை இன்று பயிலப்படுகிறது. கோரிமேட்டின் வாசலில் சோற்று மூட்டையோடும் பழைய சீட்டுகளோடும் காத்திருப்பவர்களில் பலர் இந்த நீண்ட வரலாற்றை அறியார். அறியவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஒன்றை அனைவரும் அறியவேண்டும். கம்பியாலும் கத்தியாலும் தீர்க்கப்படுகிற தாளக் கோளாற்றில், நம் நாட்டில் கணிசமான பங்கு ஒரு குழந்தையின் தொண்டைப் புண்ணில் தொடங்குகிறது. அந்தப் புண்ணுக்குத் தக்க மருந்தைத் தக்க காலத்தில் கொடுத்தால் கீல்வாதக் காய்ச்சல் வாராது. வந்தவர்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியை வைத்தியர் சொன்ன காலம்வரை தவறாமல் போட்டால் வால்வு மேலும் கெடாது. பூயோ காட்டிய உறவிலிருந்து அந்த ஊசி கிடைக்க ஏறத்தாழ 115 ஆண்டுகள் ஆயின. கிடைத்த பிறகும் அது ஒவ்வொரு குடிசைக்கும் எட்ட நாம் எடுத்துக்கொள்ளும் காலமும் நீண்டுகொண்டிருப்பது நியாயமாகாது. ஆகவே, பள்ளிக்கூடத்து ஆசிரியர்களே, தாய்மார்களே: தொண்டை வலித்த பிள்ளைக்குச் சில வாரங்கள் கழித்து முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்குமானால், விளையாட்டில் விழுந்த அடி என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வைத்தியர் ஊசிக்கு நாள் குறித்துக் கொடுத்தால், அந்த நாளைத் திருவிழா நாளைப் போல் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள்.